வைக்கிங் சண்டையும் வட்ட நடையும்: கிளீமா என்னும் மல்யுத்தத்தின் கதை

சனிக்கிழமை காலை. நார்வேயிலோ ஸ்வீடனிலோ ஏதோ ஓர் ஊரின் உடற்பயிற்சிக் கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வைக்கிங் தற்காப்புக் கலை - இரண்டு நாள் பயிற்சி" என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பதினைந்து இருபது பேர் வந்திருக்கிறார்கள். சிலர் கழுத்தில் தோர் கடவுளின் சுத்தியல் தொங்குகிறது. சிலருக்கு நெஞ்சு வரை தாடி. கோடாரி எப்போது கைக்கு வரும் என்றுதான் எல்லோருக்கும் யோசனை.

வருவதோ கோடாரி அல்ல, எதிராளியின் கை. முதல் பாடம் கைகுலுக்கல். இரண்டாவது பாடம் நடை! இரண்டு பேர் நெருங்கி நின்று, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல், கடிகார முள் சுற்றும் திசையில் மெல்லச் சுற்றி வர வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கல்யாண வீட்டில் வால்ட்ஸ் நடனம் ஆடத் தெரியாத இரண்டு பேர் ஆடுவது போல் இருக்கும். தலை குனிந்து காலைப் பார்க்கக் கூடாது. எதிராளியின் தோளுக்கு மேலே பார்வை போக வேண்டும். அவன் என்ன செய்யப் போகிறான் என்பதைக் கண்ணால் அல்ல, பிடித்திருக்கும் கையால் தெரிந்துகொள்ள வேண்டும்.

வைக்கிங் என்றால் கொள்ளை, தீ, ரத்தம் என்று சினிமா பார்த்து வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வட்ட நடைதான் அந்த இரண்டு நாளில் கிடைக்கிற உண்மையான பழைய சரக்கு. கோடாரிப் பாடத்தைவிட இதற்குத்தான் வயது அதிகம். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு பிடி, ஒரு விழுதல்

இந்த மல்யுத்தத்தின் பெயர் கிளீமா. ஐஸ்லாந்தின் தேசிய விளையாட்டு. இதில் மூன்று வகை உண்டு. கையை எங்கே வேண்டுமானாலும் போட்டுப் பிடிக்கும் சுதந்திரப் பிடி ஒன்று. எதிராளியின் முதுகைச் சுற்றி இரு கைகளையும் கோத்துக்கொள்ளும் முதுகுப்பிடி இன்னொன்று. மூன்றாவது கால்சட்டைப் பிடி. ஐஸ்லாந்தில் கிளீமா என்று சொன்னாலே பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான் குறிக்கும்.

முன்பு கம்பளிக் கால்சட்டையையே பிடித்தார்கள். கிழியும், நழுவும், சண்டை வரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இடுப்பைச் சுற்றி ஒரு தோல் வார், இரண்டு தொடைகளிலும் ஒவ்வொரு வார், மூன்றையும் இணைக்கும் பட்டைகள். ஒரு கை இடுப்பு வாரில், மறு கை தொடை வாரில். ஆட்டம் முடியும் வரை பிடியை விடக் கூடாது. ஆக, கைக்கு வேலை குறைவு. எதிராளியைக் கால் கொண்டுதான் சாய்க்க வேண்டும். இதற்கு அடிப்படை உத்திகள் எட்டு. குதிகாலைக் கொக்கி போட்டு இழுப்பது, கெண்டைக்காலுக்குக் குறுக்கே கால் வைத்துத் திருப்புவது, இடுப்பில் ஏற்றி வீசுவது என்று போகும் அவற்றின் கிளைகளையும் சேர்த்தால் ஐம்பது வரை எண்ணுகிறார்கள்.

முழங்கைக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட உடம்பின் எந்தப் பாகம் தரையைத் தொட்டாலும் தோல்வி. கையும் காலும் மட்டும் ஊன்றி விழுந்து, உடனே துள்ளி எழுந்துவிட்டால் தப்பு இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தால்? அதற்கு ஐஸ்லாந்துக்காரர்கள் வைத்த பெயர் "சகோதர விழுதல்". யாருக்கும் வெற்றி இல்லை. என்ன அழகான பெயர்!

தடைசெய்யப்பட்டவை என்று பார்த்தால் இரண்டு விஷயம் முக்கியம். குனிந்து விறைத்து நின்று ஆட்டத்தைக் கெடுப்பது குற்றம். விழுகிறவனைத் தரையோடு சேர்த்து அழுத்துவதும், அவன் மேல் போய் விழுவதும் அதைவிடப் பெரிய குற்றம். எதிராளியை நுட்பத்தால் நிலைகுலைய வைக்கலாம், பலத்தால் நசுக்கக் கூடாது. வீழ்த்தியவன் நேராக நின்றுகொண்டிருக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. போர்க்களத்தில் இப்படி யாராவது சண்டை போடுவார்களா? எதிரியைக் கீழே தள்ளிவிட்டு, "எழுந்திருப்பா" என்று நிமிர்ந்து நிற்பார்களா? மாட்டார்கள். அப்படியானால் இது போர்க்கலையே இல்லையா?

கிழவியிடம் தோற்ற கடவுள்

13ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்ற ஐஸ்லாந்து அறிஞர் பழைய தெய்வக் கதைகளைத் தொகுத்து 'எட்டா' என்ற நூலை எழுதினார். அதில் ஒரு கதை. இடிக்கடவுளான தோர் அரக்கர்களின் அரண்மனைக்குப் போகிறார். யாருடனாவது மல்லுக்கு நிற்கிறேன் என்று சவால் விடுகிறார். அரண்மனைத் தலைவன் சிரித்துக்கொண்டே எல்லி என்ற ஒரு கிழவியை அழைத்து வருகிறான். தோர் எவ்வளவு முயன்றும் கிழவி அசையவில்லை. கடைசியில் தோர்தான் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார். மறுநாள்தான் ரகசியம் தெரிகிறது. எல்லி என்ற சொல்லுக்கு முதுமை என்று பொருள். முதுமையோடு மல்லுக்கு நின்று ஒரு முழங்காலோடு தப்பியவர் தோர் ஒருவர்தானாம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. கதை கேட்டவர்களுக்கு மல்யுத்தத்தின் விதி தெரிந்திருக்கிறது. முழங்கால் தரையில் பட்டால் என்ன அர்த்தம் என்று யாரும் விளக்கவில்லை.

கிரெட்டிர் என்ற வீரனின் சாகா இன்னும் ஒரு படி மேலே. இரவில் ஒரு பண்ணைக்குள் வரும் கிளாமூர் என்ற நடைபிணத்தோடு அவன் கட்டிப் புரளும் காட்சி பிரபலம். வீடு சிதைகிறது, கதவு பிய்கிறது, நிலா வெளிச்சத்தில் பிணத்தின் கண்கள் உருள்கின்றன. கிரெட்டிர் ஜெயிக்கிறான். ஆனால் அந்தக் கண்களின் சாபத்தால் வாழ்நாள் முழுக்க இருட்டுக்குப் பயப்படுகிறான். எல்லோருக்கும் பிடித்த காட்சி இதுதான். வார இறுதிப் பயிற்சிக்கு வருகிறவர்களும் இதைத் தேடித்தான் வருகிறார்கள்.

கிளீமாவைப் புரிந்துகொள்ள அதே சாகாவில் வேறொரு காட்சி உண்டு. கிரெட்டிர் அப்போது சட்டத்துக்குப் புறம்பானவன் என்று அறிவிக்கப்பட்டவன். யாரும் அவனைக் கொல்லலாம், கேள்வி கிடையாது. டிராங்கெய் என்ற பாறைத் தீவில் ஒளிந்து வாழ்கிறான். ஒரு வசந்த காலத்தில் ஹெக்ரானெஸ் என்ற இடத்தில் ஊர்க்கூட்டம் நடக்கிறது. அங்கே மல்யுத்தம் நடக்கும் என்று தெரிந்து ஆசை தாங்காமல், மாறுவேடத்தில் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறான். உடம்பைப் பார்த்த கூட்டம் சும்மா இருக்குமா? "யாரப்பா நீ, வந்து ஒரு பிடி பிடி" என்று வற்புறுத்துகிறது. "சரி, ஆனால் நான் பத்திரமாகத் திரும்பிப் போக எல்லோரும் உறுதி தர வேண்டும்" என்கிறான். ஒருவர் எழுந்து எல்லோர் சார்பிலும் நீண்ட சத்தியம் செய்கிறார். அதன் பிறகு வேடத்தைக் கழற்றுகிறான். கூட்டம் திகைக்கிறது. அங்கே இருப்பவர்களில் பலர் அவன் தலைக்காகக் காத்திருப்பவர்கள். முணுமுணுப்பு எழுகிறது, விவாதம் நடக்கிறது. ஆனால் கடைசியில் கொடுத்த வாக்கை மீறவில்லை. தோர்த் என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு சகோதரர்கள் ஒரே நேரத்தில் அவனோடு மோதுகிறார்கள். ஆட்டம் முடிகிறது. அவன் தீவுக்குத் திரும்பிப் போகிறான்.

கதை நடந்ததோ இல்லையோ, அதை எழுதிவைத்த சமூகம் மல்யுத்தக் களத்தை எப்படிப் பார்த்தது என்பது தெரிகிறது. வெளியே கொலைப்பகை இருந்தாலும் களத்துக்குள் வேறு சட்டம். இதற்கு ஐஸ்லாந்து மொழியில் டிரெங்ஸ்காபூர் என்று சொல்கிறார்கள். கண்ணியம், ஆண்மை, நேர்மை மூன்றையும் போட்டுக் கலக்கினால் வரும் சொல். இன்றைய கிளீமா விதிகளிலும் இந்தச் சொல்தான் உயிர்.

1281இல் ஏற்கப்பட்ட யோன்ஸ்போக் சட்டத் தொகுப்பிலும் மல்யுத்தம் வருகிறது. தன் விருப்பத்தோடு விளையாட்டு மல்யுத்தத்தில் இறங்குகிறவன் தன் உடம்புக்குத் தானே பொறுப்பு என்கிறது சட்டம். கை உடைந்தால் நஷ்டஈடு கேட்டு வராதே! கொல்லும் சண்டையும் விளையாட்டும் சட்டத்தின் கண்ணிலேயே தனித்தனியாகப் பிரிந்துவிட்டன என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

குளிரும் பள்ளிக்கூடமும்

வாளும் கேடயமும் வழக்கொழிந்தன. வாள் வித்தையைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனது. கிளீமா மட்டும் ஏன் பிழைத்தது? அதற்கு ஆயுதம் வேண்டாம், காசு வேண்டாம், எதிரியும் வேண்டாம். ஒரு நண்பன் போதும்.

மீன்பிடிக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகுக்காரர்கள் கரையில் சும்மா உட்கார வேண்டும். உட்கார்ந்தால் உறைந்துவிடுவார்கள். உடம்பைச் சூடாக்க இரண்டிரண்டு பேராக மல்லுக்கு நின்றார்கள். ஸ்கால்ஹோல்ட், ஹோலார் ஆகிய இரண்டு பேராயர் தலங்களில் இருந்த பள்ளிகளில் மாணவர்களுக்கும் இதுதான் பொழுதுபோக்கு. இரண்டு தலைவர்கள் ஆட்களைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் களத்துக்கு அனுப்பி, கடைசியில் தலைவர்களே மோதுவார்கள். பைண்டாகிளீமா, அதாவது "விவசாயிகளின் கிளீமா" என்று இதற்குப் பெயர். பிற்காலத்தில் பெஸ்ஸஸ்தாதிர் பள்ளி மாணவர்களும் இதைத் தொடர்ந்தார்கள். (அந்தப் பெஸ்ஸஸ்தாதிர்தான் இன்று ஐஸ்லாந்து ஜனாதிபதியின் மாளிகை.)

யாரையும் நசுக்காதே, மேலே விழாதே என்ற விதிகளின் நியாயம் இங்கேதான் புரிகிறது. காலையில் கையை உடைத்துவிட்டால் நாளைக்கு யார் துடுப்புப் போடுவது? மருத்துவர் எத்தனை நாள் பயணத் தொலைவில் இருக்கிறாரோ! போர்க்கலையாக இருந்திருந்தால் கிளீமா போரோடு செத்திருக்கும். விளையாட்டாக ஆனதால்தான் உயிரோடு இருக்கிறது.

சபதம் செய்த இளைஞன்

19ஆம் நூற்றாண்டில் அதுவும் மங்கத் தொடங்கியது. டென்மார்க்கின் ஆட்சியில் ஐஸ்லாந்து இருந்த காலம். தனிநாடு வேண்டும் என்ற குரல் வலுக்க வலுக்க, "நமக்கென்று என்ன இருக்கிறது?" என்ற தேடலும் வலுத்தது. மொழி இருந்தது, சாகாக்கள் இருந்தன. உடம்பால் செய்து காட்ட கிளீமா இருந்தது. 1888இல் ரெய்க்யவிக்கில் ஆர்மன் கிளீமா சங்கம் பிறந்தது. 1906இல் வடக்கே அகுரெய்ரி நகரில் முதல் தேசியப் போட்டி நடந்தது. பரிசு ஒரு பெல்ட். அதற்கு வைத்த பெயர் கிரெட்டிர் பெல்ட். நடைபிணத்தை வென்ற அதே கிரெட்டிர்.

இந்த அகுரெய்ரியில்தான் யோஹன்னஸ் யோசெப்சன் வருகிறார். பிறப்பு 1883. இளைஞர் இயக்கத்தை அங்கே தொடங்கியவர்களில் ஒருவர், வாய் கொஞ்சம் நீளம். 1907இல் டென்மார்க் அரசர் எட்டாம் ஃபிரெடரிக் ஐஸ்லாந்துக்கு வந்தபோது, பழைய நாடாளுமன்றத் திடலான திங்வெட்லிரில் அவர் முன்னிலையில் கிளீமா நடப்பதாக ஏற்பாடு. அதில் தோற்காமல் நிற்பேன் என்று யோஹன்னஸ் ஊரறியச் சபதம் போட்டிருந்தார். சாகா வீரன் போல! நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று வென்றவர் ஹால்கிரிமூர் பெனெடிக்ட்சன். (பின்னாளில் பெரிய வணிகரானார். இவருடைய மகன் கெய்ர் ஹால்கிரிம்சன் 1974இல் பிரதமர் ஆனார்.)

அந்த அவமானத்தோடு யோஹன்னஸ் முடங்கிவிடவில்லை. 1907, 1908 இரண்டு ஆண்டும் கிரெட்டிர் பெல்ட் அவருக்கே. 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் கிளீமாவைச் செய்து காட்ட ஒரு குழுவோடு போனார். தோற்கடித்த ஹால்கிரிமூரும் அதே குழுவில். யோஹன்னஸ் கிரேக்க-ரோமன் மல்யுத்தத்திலும் இறங்கி அரையிறுதி வரை போனார். அங்கே காயம்பட்டதால் மூன்றாம் இடத்துக்கான மோதலில் நிற்க முடியவில்லை. நான்காம் இடம். சொந்த நாடு என்று சட்டப்படி ஒன்று இல்லாத ஒருவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். சர்க்கஸில் சேர்ந்தார். ஐரோப்பா சுற்றினார், அமெரிக்கா போனார். மேடையில் கிளீமா உருமாறியது. கத்தியோடு பாய்கிறவனைச் சாய்ப்பது, ஒரே நேரத்தில் பல பேரைச் சமாளிப்பது என்று தற்காப்புக் கலையாகக் காட்டினார். 1908இலேயே ஆங்கிலத்தில் ஒரு கிளீமா நூலும் எழுதியிருந்தார். ஜப்பானிய ஜுஜுட்சு மேலைநாடுகளில் மோகமாக இருந்த காலம் அது. "எங்களிடமும் ஒன்று இருக்கிறது பார்" என்று காட்ட வேண்டியிருந்தது. கூட்டம் டிக்கெட் வாங்கி வந்தது. கைகுலுக்கிவிட்டு வட்டமாக நடப்பதைப் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்?

சம்பாதித்த பணத்தோடு 1927இல் ஊர் திரும்பி, ரெய்க்யவிக்கில் ஹோட்டல் போர்க் கட்டினார். 1930இல் நாடாளுமன்றத்தின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்குத் திறந்தார். கால்கொக்கி போட்டுக் கட்டிய ஹோட்டல் என்று சொன்னால் மிகையில்லை.

கோடாரி எங்கிருந்து வந்தது?

இன்று நார்வே, ஸ்வீடன் முதல் பல நாடுகளில் நடக்கும் "வைக்கிங்" வார இறுதிப் பயிற்சிகளில் கிளீமாவின் மூன்று பிடிகளோடு கத்தி, கோடாரி, ஈட்டி, வட்டக் கேடயம் எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. இந்த ஆயுதப் பாடங்கள் எவ்வளவு பழையவை?

நேர்மையாகச் சொன்னால், புதியவை. வைக்கிங் காலத்துச் சண்டைப் பயிற்சி நூல் என்று ஒன்றுகூட இல்லை. ஐரோப்பாவில் கிடைத்திருப்பதில் மிகப் பழைய வாள் பயிற்சிச் சுவடியே சுமார் 1300ஐச் சேர்ந்தது. அதுவும் ஜெர்மனியில் எழுதியது, சிறு கேடயத்தோடு போடும் வாள்சண்டை பற்றியது. வைக்கிங் காலம் முடிந்து இருநூறு ஆண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. ஆசிரியர்களிடம் இருப்பவை சாகாக்களில் வரும் சில வரிகளும், புதைகுழிகளில் கிடைத்த பொருட்களும்தான். உதாரணமாக, 1880இல் நார்வேயில் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலின் இரு பக்கமும் 32 வீதம் 64 கேடயங்கள் தொங்கின. மெல்லிய பலகை, நடுவில் ஒரே ஒரு கைப்பிடி. அதேபோல் ஒன்றைச் செய்து கையில் பிடித்து, இப்படி ஆட்டினால் என்ன ஆகிறது, அப்படிச் சாய்த்தால் என்ன ஆகிறது என்று சோதித்துப் பார்த்து வித்தையை ஊகிக்கிறார்கள். அது நல்ல ஆராய்ச்சியாக இருக்கலாம். ஆனால் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்தது அல்ல.

கிளீமா அப்படி வந்தது. அதற்காக அதையும் அப்படியே ஆயிரம் ஆண்டாக மாறாதது என்று சொல்லிவிட முடியாது. வார் வந்தது 20ஆம் நூற்றாண்டில். எழுத்து விதிகளும் போட்டி முறையும் அந்தத் தேசிய எழுச்சிக் காலத்தவை. முதல் உலகப் போர் ஆண்டுகளில் தேசியப் போட்டியே நின்றுபோய் 1919இல்தான் மீண்டது. ஆர்மன் லாருசன் என்ற ஒருவர் 15 முறை கிரெட்டிர் பெல்ட்டைத் தட்டிச் சென்றதும், 1965இல் தனிக் கூட்டமைப்பு உருவானதும் நவீன விளையாட்டின் கதை. பெண்களுக்கான தேசியப் போட்டி 2000இல்தான் வந்தது. அதற்குப் பரிசு பெல்ட் அல்ல, ஃப்ரேயா தேவதையின் பெயரில் ஒரு கழுத்தணி. கிரெட்டிருக்குத் தெரிந்தால் ஆச்சரியப்படுவான். ஆனால் ஹெக்ரானெஸ் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களை இன்று ஒரு கிளீமா களத்துக்கு அழைத்து வந்தால், என்ன நடக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

சர்க்கஸ் யோஹன்னஸைப் பொய்யர் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. கிளீமா என்ற பெயரை உலகம் கேட்டதே அவரால்தான். இன்றைய வார இறுதி ஆசிரியர்களும் ஒரு வகையில் அவருடைய வாரிசுகளே. கோடாரியைக் காட்டிக் கூட்டத்தை வரவழைத்து, நடக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எது பழையது, எது ஊகம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிற ஆசிரியர் கிடைத்தால் அது மாணவரின் அதிர்ஷ்டம்.

இரண்டு நாளில் எட்டு உத்திகளும் கைவராது. இரண்டு வந்தாலே பெரிய விஷயம். ஞாயிறு மதியத்துக்குள் பெரும்பாலோருக்கு முதலில் வருவது விழும் கலைதான். உடம்பைத் திருப்பி, கையையும் காலையும் மட்டும் ஊன்றி, சட்டென்று எழுவது. அதுவரை காலையே பார்த்துக்கொண்டிருந்த தாடிக்காரர் ஒருவர் மெல்லத் தலை நிமிர்ந்து எதிராளியின் தோளுக்கு மேலே பார்க்கத் தொடங்குவார். அடுத்த நொடி, தன்னில் பாதி எடை இருக்கும் பெண் ஒருத்தி குதிகாலில் கொக்கி போட, மல்லாந்து கிடப்பார். அவள் நேராக நின்றுகொண்டு கையை நீட்டுவாள்.